பத்தாயிரம் சொல் விரதம்

பிரேமாவதி பொய் சொல்லித்தான் அந்த ஒன்றரை மணி நேரத்தை வாங்கினாள். உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பதினெட்டு வருடம் ஏமாந்தவள் அவள். அதனால் குறை சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

சுங்கைப் பட்டாணியில் தாமான் என்று சொல்கிற குடியிருப்பு ஒன்றில் அவர்களுக்கு வரிசை வீடு. கணவன் லோகேஸ்வரன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். ஒரே மகள் ஜித்ராவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பிரேமாவதி டவுனில் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிகிறவள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, துணி எடுத்து மடித்து, உலை வைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக மேசையில் உட்காருவாள். உட்காருவதோடு சரி.

"எழுதிக்கிட்டுத்தானே இருக்கே, சும்மாதானே?" என்று ஆரம்பிப்பான் லோகேஸ்வரன். அந்தச் 'சும்மாதானே'க்குப் பின்னால் ஒரு தேத்தண்ணியோ, காணாமல் போன வேன் சாவியோ, அறுந்த சட்டைப் பொத்தானோ வரும். மகள் ஜித்ராவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "மா, சும்மாதானே இருக்கீங்க? இந்த ஃபார்ம கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க லா" என்பாள். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி, தோட்டத்துக் கோயில் தலைவருக்கு வரவேற்புரை, யாரோ ஒருவரின் பதினாறாம் நாளுக்குப் பத்திரிகையில் போட இரங்கற்பா, எல்லாம் அவள் தலையில்தான் விடியும். "நீதான் எழுதுவியே!" எழுதுகிறவளுக்கு எழுத மட்டும் நேரம் கிடையாது. எரிச்சல் வருமா வராதா, சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டார எழுத்தாளர் சங்கம் ஒரு பட்டறை நடத்தியது. தலைப்பு, 'அன்றாட வாழ்வில் எழுத நேரம் ஒதுக்குவது எப்படி?' காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேராததால் பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, வாழ்த்தியவர்களை வாழ்த்தி ஓர் உரை, மாலை, பொன்னாடை, படம், படத்தில் விடுபட்டவர்களுக்காக இன்னொரு படம். நேரத்தைப் பற்றிப் பேச வேண்டிய செயலாளர் பசுபதியின் கைக்கு மைக் வந்தபோது பன்னிரண்டே கால். பின்னாலிருந்து பிரியாணி வாசனையும் வர ஆரம்பித்துவிட்டது.

"விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுங்கள்! உலகமே உறங்கிக்கொண்டிருக்கும்!" என்று முழங்கினார் பசுபதி.

பிரேமாவதி கையைத் தூக்கினாள். "சார், நாலரைக்கு எங்க வீட்டுக்காரரு வேன எடுப்பாரு. நாலு மணிக்கு நான் கோப்பி கலக்கணும்."

"அப்படியானால் மூன்றரைக்கு எழுந்திருங்கள் அம்மா!"

கூட்டம் கை தட்டியது. பிரேமாவதிக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. பிரியாணியை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் அந்த மனிதர் உருப்படியாகவும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, எழுதிய சொற்களைத் தினமும் எண்ணி, அன்று வரையிலான மொத்தத்தைக் கண்ணில் படுகிற இடத்தில் குறித்து வைக்க வேண்டும். இரண்டு, சங்கம் ஒரு குறுநாவல் போட்டி வைக்கிறது. பத்தாயிரம் சொல்லுக்குக் குறையக் கூடாது, கையெழுத்துப் பிரதியும் வாங்கிக்கொள்வார்கள், ஏழாவது வாரம் சனிக்கிழமை கடைசி நாள். அவள் மனதில் ஒரு கதை மூன்று வருடமாகக் கிடந்து புரண்டுகொண்டிருந்தது. மேகலா என்று ஒருத்தி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து பேருந்தில் வருகிறவள், ஒரு நாள் தன் நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அதை எழுதாமல் செத்துப்போனால் தன் கட்டை வேகாது என்று பிரேமாவதி உண்மையாகவே நம்பினாள்.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் புரட்டி எண்ணினாள். திங்கள் தொடங்கினால் அந்தச் சனிக்கிழமை நாற்பத்தெட்டாவது நாள். நாற்பத்தெட்டு! ஒரு மண்டலம்! அந்த எண்ணைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. போன வருடம் எதிர் வீட்டுக்காரி ஒரு மண்டலம் விரதம் இருந்தபோது தெருவே செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்ததே! எழுதுகிறவளை எழுப்பலாம், சமைக்கிறவளைக் கூப்பிடலாம், தூங்குகிறவளைக்கூட உலுக்கலாம். சாமி கும்பிடுகிறவளை யார் தொடுவார்கள்?

இரவுச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சைப் போட்டாள். "என்னங்க, நான் ஒரு வேண்டுதல் வெச்சிருக்கேன். நாளையிலேருந்து நாப்பத்தெட்டு நாள். சாய்ந்தரம் அஞ்சரையிலேருந்து ஏழு வரைக்கும் சாமி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு மௌன விரதம். 'ஓம் சக்தி' பத்தாயிரம் தடவ எழுதணும்."

லோகேஸ்வரன் கையிலிருந்த மீன் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தாராளமா எழுது பிரேமா. குடும்பத்துக்கு நல்லதுதானே! எதுக்காம் வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காது."

பதினெட்டு வருடத்தில் அவன் அவளை அதற்கு மேல் எதிர்க் கேள்வி கேட்காமல் விட்ட நாள் அதுதான். பிரேமாவதிக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. எவ்வளவு நேரம் என்றால், அந்த மீன் தட்டைக் கழுவி முடிக்கிற வரைக்கும்.

இப்படியாக ஆரம்பமானது. சாமி அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன இடம். மின்விசிறி கிடையாது. ஊதுவத்திப் புகையில் கண் எரியும். மரக்கறிச் சாப்பாடு வேறு. மீன் இல்லாமல் ஒரு வேளை இருக்க முடியாதவள் நாவலுக்காக நாக்கைக் கட்டினாள். இருந்தாலும் அந்தக் கதவு சாத்திய பிறகு ஒரு காக்கைக் குஞ்சுகூட எட்டிப் பார்க்காது. நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மனசாட்சிக்காக ஒரே ஒரு தடவை 'ஓம் சக்தி' எழுதிவிட்டு, மேகலாவைப் பேருந்தில் ஏற்றினாள். ஏழு மணிக்கு வெளியே வந்து மொத்தச் சொற்களைச் சமையலறை நாள்காட்டியின் அன்றைய தாளில் குறிப்பாள். முதல் நாள் 190. ஒரு வாரத்தில் 1,560. அவள் முகமே மாறிவிட்டது. கிளினிக்குக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹபீஸா அக்காவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள்.

"அடிப்பாவி! கதை எழுதறதுக்கா மீன விட்டே?" என்று ஹபீஸா தலையில் அடித்துக்கொண்டாள். "நா யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இதெல்லாம் நல்லதுக்கில்ல பிரேமா."

பதினைந்தாம் நாள் மொத்தம் 3418. மறுநாள் காலை நாள்காட்டித் தாளைக் கிழித்த லோகேஸ்வரன், எண்ணைப் பார்த்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். புதன்கிழமை, நாலு நம்பர் லாட்டரி விற்கிற கடையைத் தாண்டும்போது வேனை ஓரமாக நிறுத்தினான். அன்று மாலை ஏழு மணிக்குப் பிரேமாவதி கதவைத் திறந்தால், கணவன் சாமி அறை வாசலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறான்.

"முதல் பரிசு, பிரேமா! உன் நம்பரு அப்படியே அடிச்சிருச்சு!"

"என் நம்பரா?"

"நீ எழுதன நம்பரு! அம்மா எழுத வெச்ச நம்பரு!"

அது மேகலா பேருந்தில் ஏறியதிலிருந்து கண்டக்டரிடம் பொய் சொன்னது வரைக்குமான சொற்களின் எண்ணிக்கை என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் கதவு போய்விடும். அவள் பேசாமல் விபூதியை எடுத்துக் கணவன் நெற்றியில் பூசினாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

லோகேஸ்வரனுக்கு ஒரு அண்ணன். இருளப்பன் என்று பெயர். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நம்பர் என்றால் உயிர். சாலையில் கார் கவிழ்ந்தால், அடிபட்டவனைத் தூக்குவதற்கு முன்னால் காரின் எண்ணைப் பார்க்கிற மனிதர். சனிக்கிழமை மனைவி வள்ளியம்மையோடு வந்து இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. அவரைத் தொடர்ந்து தோட்டத்து ஆட்கள், தாமான் ஆட்கள், லோகேஸ்வரனின் வேனில் வருகிறவர்கள் என்று, அடுத்த வாரத்துக்குள் மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் முப்பது நாற்பது பேர். ஹபீஸா அக்கா கேள்விப்பட்டு வந்து பார்த்தாள். மறுநாளே வாசலில் மேசை போட்டு, தே தாரே என்று பால் தேத்தண்ணியை இழுத்து ஆற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நீங்களுமா?" என்று பிரேமாவதி பல்லைக் கடித்தாள்.

"நம்பரு எங்களுக்கு ஹராம் பிரேமா. தேத்தண்ணி ஹலால்தானே!"

ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அந்த மூன்று வாரம் பிரேமாவதி ராணி மாதிரி எழுதினாள். வள்ளியம்மை சமையலைப் பார்த்துக்கொண்டாள். தெருவில் மோட்டார் சைக்கிள் முறுக்குகிறவனை இருளப்பன் ஓடிப்போய் அதட்டினார். யாரோ ஒருவர் மேசை விசிறி வாங்கி வந்து வைத்தார். சங்கச் செயலாளர் பசுபதிகூடக் கேள்விப்பட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் பவ்வியமாக நின்றார். போட்டியை அறிவித்த அதே பசுபதி! என்ன எழுதுகிறாள் என்று அவரும் கேட்கவில்லை. நாற்பது பேரில் ஒருத்தர் கேட்கவில்லை. ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு?"

எண்கள் விழவில்லை என்பது வேறு விஷயம். 5027க்கு மட்டும் ஓர் ஆறுதல் பரிசு விழுந்தது. அதை வைத்து ஜனங்கள் மேலும் இரண்டு வாரம் நம்பிக்கையோடு ஓட்டினார்கள். விழாத நாளெல்லாம் பழி பிரேமாவதியின் விரதத்துக்கு. "வெங்காயம் சாப்புட்டியா?" "தல முழுகுனியா?" "கோவப்பட்டியா?" கடைசிக் கேள்விக்கு அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் 9580. இன்னும் நானூற்றிருபது சொல்லும் ஒரு முடிவும்தான் பாக்கி. மேகலா யான் என்கிற ஊரின் கடற்கரையில், ஜெராய் மலை மேலிருந்து வெளிச்சம் போகிற நேரத்தில், வீட்டுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்துக்கு எதிரில் நிற்கிறாள். ஏறுவாளா மாட்டாளா என்று பிரேமாவதிக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆறு நாளும் வேண்டும். அதிலேயே அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அன்று இருளப்பன் 9580ஐப் பார்த்துவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய் லோகா. பத்தாயிரம் வந்துட்டா என்னடா ஆவும்?"

"வேண்டுதல் முடிஞ்சிரும்ணே."

"மடையா. அஞ்சு நம்பராயிரும்டா! கடையில நாலு நம்பருதான்டா எடுப்பான்!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐயையோ, இதை யாருமே யோசிக்கவில்லையே! அங்கேயே, தேத்தண்ணிக் கிளாஸ்களோடு, ஒரு கூட்டம் நடந்தது. பிரேமாவதியை யாரும் கேட்கவில்லை. அவள் சாமிக்கு எழுதுகிறவள். முடிவு எடுக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்தானே. தீர்மானத்தை லோகேஸ்வரன் வந்து சொன்னான்.

"இனிமே ஒரு நாளைக்கு அஞ்சு தடவ எழுதுனா போதும் பிரேமா. அப்படி எழுதுனா இன்னும் ரெண்டே முக்கால் மாசம் ஓட்டலாமாம். அண்ணன் கணக்குப் போட்டுட்டாரு."

"என் வேண்டுதல் நாப்பத்தெட்டு நாளுங்க! சனிக்கிழம முடிக்கணும்!"

"அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க லா. நல்ல காரியத்துக்குத்தானே. அஞ்சு தடவைக்கு அஞ்சு நிமிசம் போதும். மீதி நேரத்துல நீயே சமைச்சிரு. அண்ணிக்கு உன் சமையல் இல்லாம வாய் செத்துப்போச்சாம்."

திங்கள்கிழமை சரியாக ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவு தட்டப்பட்டது. மௌன விரதமாச்சே, திட்டக்கூட முடியாது! மேகலா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரேமாவதி வெண்டைக்காய் நறுக்கப் போனாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நாள்காட்டியில் பொய் எண் எழுதிவிட்டு உள்ளே இருபது பக்கம் எழுத அவள் தயார்தான்; நேரத்தை அல்லவா பிடுங்கிவிட்டார்கள்? கிளினிக்கிலேயே எழுதலாம் என்று ஒரு தாளை எடுத்து வைத்தாள். அன்று பார்த்து ஊருக்கே காய்ச்சல். செவ்வாய் இரவு தட்டுகளைக் கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அழுதாள்.

புதன்கிழமை. குலுக்கல் நாள் என்பதால் கூட்டம் வாசலைத் தாண்டி வரவேற்பறை வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து முப்பத்தைந்து. தட் தட் தட்.

பிரேமாவதி கதவைத் திறந்தாள். நோட்டு கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது. அருள் வந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

"எந்திரிங்க!" என்று கத்தினாள். "அருளும் இல்ல ஒரு மண்ணும் இல்ல! இதுல 'ஓம் சக்தி' இல்ல. கதை! நான் கதை எழுதிக்கிட்டு இருக்கேன்! நாள்காட்டியில எழுதனது நான் எண்ணி வெச்ச சொல்லு! சனிக்கிழம இதக் குடுக்கணும், இன்னும் முடியல. எனக்கு மூணு நாள் வேணும். அஞ்சு நிமிசம் இல்ல, மூணு நாளு! குடுப்பீங்களா மாட்டீங்களா?"

வெளியே ஹபீஸா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

லோகேஸ்வரன் முகம் வெளிறிப்போனது. "அப்ப முதல் பரிசு...?"

"அது மேகலா பஸ்ஸுல ஏறுனதுலேருந்து எண்ணுனது."

"மேகலா யாரு?"

வள்ளியம்மை நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப அம்மன் பேரு ஒண்ணுகூட இல்லியா அதுல?"

"ஒண்ணு இருக்குக்கா. மொதப் பக்கத்துல."

சாமி குத்தம் என்று சண்டைக்கு வருவார்கள், நோட்டைப் பிடுங்கிக் கிழிப்பார்கள் என்றெல்லாம் பிரேமாவதி எதிர்பார்த்து நின்றாள். நம்முடைய ஜனங்களை அவ்வளவு குறைவாக எடை போடலாமா? இருளப்பன் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"அடிச்சது அடிச்சதுதானே. அது சாமியோ கதையோ, நமக்கென்ன? ஆனா பிரேமா, நீ சரியாத்தான் எண்ணுனியா? கையாலதானே எண்ணுன?"

"ஆமா மாமா."

"அதான்! தப்பா எண்ணியிருக்கே! அதான் மத்ததெல்லாம் விழல. குடு இங்க. தோட்டத்துல, விடியக்கால ஆளுங்கள வரிசையா நிறுத்துற பெரட்டுக் களத்துல இருவது வருசம் ஆள் எண்ணுனவன் நான். இருட்டுல எண்ணுவேன், மழையில எண்ணுவேன். ஒரு தல தப்புனதில்ல."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. சரிதானே! எண்ணிக்கையில்தான் கோளாறு! இருளப்பனுக்கு நாற்காலி போட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒவ்வொரு சொல்லின் மேலும் ஆள்காட்டி விரலை வைத்து, பெரட்டில் ஆள் நிறுத்துகிற அதே குரலில் சத்தமாகப் படித்து எண்ண ஆரம்பித்தார். "மேகலா, ஒண்ணு. பேருந்தில், ரெண்டு. ஏறியதும், மூணு. சன்னலோரம், நாலு..."

பிரேமாவதி சுவரில் சாய்ந்து நின்றாள். தன் கதை அப்படி நார் நாராகக் கிழிபடுவதைக் கேட்க அவளுக்குத் தாங்கவில்லை. நூறு வந்தது. நூற்றைம்பது வந்தது. நூற்றெழுபதில் இருளப்பன் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது. சொல்லுக்குச் சொல் எண் சொல்வதை விட்டு, வரிக்கு ஒரு தடவை சொன்னார். பிறகு எண்ணே சொல்லவில்லை.

"அண்ணே, நம்பரு?" என்றான் லோகேஸ்வரன்.

"சே! விட்டுட்டேன்." மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடி அதே பக்கத்தில், அதே இடத்தில் விட்டார். மேகலாவின் நிறுத்தம் வந்து, கதவு திறந்து, எல்லோரும் இறங்கி, கதவு சாத்துகிற இடம்.

இருளப்பன் தலையை நிமிர்த்தினார். "எறங்கலியா இவ?"

"எறங்கல மாமா."

"ஏன்?"

"தெரியல. அவளுக்கே தெரியல."

"அப்ப அன்னைக்கு வீட்டுல யாரு சோறாக்குனா?" என்று கேட்டாள் வள்ளியம்மை.

"யாரும் ஆக்கலக்கா."

பின்னாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் வந்தவள் அவள். சிரித்ததை மறைக்க வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் சிரித்தாள். லோகேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை.

"படிங்கண்ணே, மேல," என்று யாரோ சொன்னார்கள்.

இருளப்பன் படித்தார். விரல் எடுத்து எடுத்து வைத்த மனிதர், பிறகு விரலை எடுத்துவிட்டார். மேகலா கண்டக்டரிடம் பொய் சொன்னாள், யானில் இறங்கினாள், வயல் வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள், அவளைத் தேடி அடித்த கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. ஹபீஸா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். ஏழு மணி ஆனது. குலுக்கல் முடிந்திருக்கும்; போனை எடுத்துப் பார்த்தவர் பசுபதி ஒருவர்தான், அவரும் பக்கத்தில் நின்ற பெண் முறைத்ததில் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நடுநடுவே பக்கங்களைத் தாவித் தாவி, தொண்டை கட்டிப்போய், இருளப்பன் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கடைசிப் பேருந்து வந்து நின்றது. பக்கத்தைத் திருப்பினார். வெற்றுத் தாள். இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் வெற்றுத் தாள்.

"மீதி எங்க?" என்றார். குரலில் நிஜமான கோபம் இருந்தது.

"எழுத விட்டீங்களா மாமா?"

இருளப்பன் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"போ. போய் எழுது. யாரும் தட்ட மாட்டாங்க."

"அண்ணே, அப்ப நாளைக்கு நம்பரு...?" என்று இழுத்தான் லோகேஸ்வரன்.

"வாய மூடிட்டுப் போய் அரிசியக் கழுவுடா!"

பிரேமாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேகலா பேருந்தின் படியில் ஒரு காலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். மூன்று வரி வந்தது, நாலாவது வந்தது. ஐந்தாவது வரியின் பாதியில் கதவு தட்டப்பட்டது.

பேனா நின்றது. பதினெட்டு வருடத்துக் கோபமும் மண்டைக்கு ஏறியது. இந்தத் தடவை நோட்டைத் தூக்கி எறிந்துவிடுவது என்றே முடிவு பண்ணிவிட்டாள்.

"பிரேமா," என்று கதவிடுக்கில் இருளப்பனின் குரல், ரகசியம் மாதிரி. "கோவிச்சுக்காத. இது மட்டும் சொல்லிரு. ஏறிட்டாளா?"

தேத்தண்ணி கேட்டுத் தட்டியிருக்கிறார்கள், சாவி கேட்டுத் தட்டியிருக்கிறார்கள், நம்பர் கேட்டும் தட்டினார்கள். மேகலாவைக் கேட்டுத் தட்டியது இந்த ஆள்தான். அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

"இன்னும் இல்ல மாமா. ஒரு கால்தான் வெச்சிருக்கா. போய் உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, விட்ட வரியின் மீதியை எழுதினாள்.